தவக்காலத்தில் ஓர் அல்லேலூயா

ஞாயிறு காலை ஆறு மணிப் பூசையில், பெரிய சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது, மைக்செட்காரர் வாய்விட்டு "அல்லேலூயா" என்று சொல்லிவிட்டார்.

வேறு நாளாயிருந்தால், பக்தி முற்றிவிட்டது என்று விட்டிருப்பார்கள். ஆனால் அது தவக்காலம். சாம்பல் புதனில் தொடங்கி உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் அந்த ஒரு சொல்லைக் கத்தோலிக்கக் கோவிலில் எடுத்துப் பூட்டி வைத்துவிடுவார்கள். பாட்டில் வராது, ஜெபத்தில் வராது. துக்க வீட்டில் சீட்டியடித்தவனைப் பார்ப்பதுபோல் எல்லாத் தலைகளும் திரும்பின. முன்வரிசையிலிருந்து திரும்பிய தலை அவருடைய மனைவியுடையது. ஜெபமாலைச் சங்கத்துக்கு அந்த அம்மாள்தான் தலைவி.

மைக்செட்காரர் கடைசி வரிசைக்கும் பின்னால், மிக்ஸர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள்ளே ஏறி, காலர் வழியாக வந்து, இடது காதில் ஒளிந்திருந்தது ஓர் இயர்போன். அதில் பேசிக்கொண்டிருந்தவர் பெரிய சாமியார் அல்ல. கத்தோலிக்கரே அல்ல. சனிக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கான பேரை ஓர் அரங்கில் கூட்டிப் பேசும் புராட்டஸ்டண்ட் பிரசங்கியார் அவர். முந்தின நாள் பேசியது மறுநாள் விடிவதற்குள் போனுக்கு வந்துவிடும்.

இது ஏழு மாதப் பழக்கம். பழுதுபார்க்க வந்த ஓர் ஆம்ப்ளிஃபயரைச் சோதிப்பதற்காக, அதோடு வந்த பென்டிரைவைப் பட்டறையில் செருகியபோது ஆரம்பித்தது. அப்போது மேசைக்கடியில் ஒரு பாட்டில் இருந்தது. அப்போதெல்லாம் தினமும் இருக்கும். இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தைப் பற்றிப் பேசியது பிரசங்கியாரின் குரல். "ரசத்தைக் குடிச்சவங்களுக்கு அது எங்கிருந்து வந்துதுன்னு தெரியாது. தண்ணி சுமந்தவங்களுக்குத்தான் தெரியும். அற்புதம் குடிச்சவங்க கையில நடக்கலை, சுமந்தவங்க கையில நடந்துச்சு."

மைக்செட்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். இருபது வருடமாக அவர் குடித்தார், குடும்பத்தைச் சுமந்தது அவர் மனைவி. அன்று மேசைக்கடியில் இருந்ததை எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். அதன்பிறகு தொடவில்லை. ரசத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் குடியை விட்டேன் என்றால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவுமில்லை. ஆனால் அந்தக் குரல் ஒருநாள் காதில் விழாவிட்டால், கால் பழைய வழிக்கே போய்விடும் என்கிற பயம் மட்டும் அவருக்கு உண்டு.

அதனால்தான் பூசையிலும் இயர்போன். பெரிய சாமியாருக்கு வயது எண்பத்திரண்டு. தாளைப் புரட்டும் சத்தம் பேச்சைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்கும். அந்த முணுமுணுப்பு வலது காதில் விழுந்து பிரசங்கியாருக்கு இடைஞ்சல் செய்ததால், முதல் ஞாயிறே மைக்செட்காரர் சாமியாரின் மைக்கை எட்டிலிருந்து மூன்றுக்கு இறக்கி வைத்தார். யாரும் குறை சொல்லவில்லை. நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஒரே ஒரு ஆள் மட்டும் தூங்கவில்லை. ஒல்லியாக, குல்லா போட்ட ஒருவர், மூன்றாம் தூணில் மாட்டிய ஸ்பீக்கருக்கு நேர் கீழே வாராவாரம் உட்கார்ந்து, காதில் கையைக் குவித்துக்கொண்டு, ஒரு நோட்டில் என்னவோ எழுதுவார். இடையிடையே திரும்பி மைக்செட்காரரை முறைப்பார். பிஷப் வசிக்கும் ஆயர் இல்லத்திலிருந்து தன்னை வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று மைக்செட்காரர் முடிவு கட்டியிருந்தார்.

பூசை முடிந்ததும் மனைவி நேரே வந்தார்.

"என்னங்க அது, தவக்காலத்துல?"

வாயில் வந்த பொய் அவரையும் மீறி வந்தது. "சாமியார் பிரசங்கம் மனசைத் தொட்டுடுச்சும்மா. தாங்க முடியலை."

மனைவி அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருடத்தில் அந்தச் சாமியாரின் பிரசங்கத்தால் தாங்க முடியாமல் போனவர்கள் உண்டு, ஆனால் இந்த அர்த்தத்தில் அல்ல. கண் கலங்க, கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகச் சாமியாரின் அறைக்கே போய்விட்டார்.

பெரிய சாமியார் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு கை அங்கிக்குள் இருக்க அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எந்த இடத்துலப்பா தொட்டுச்சு?"

அன்று அவர் என்ன பேசினார் என்பது மைக்செட்காரருக்குக் கடுகளவும் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"அதான் சாமி... தண்ணி சுமந்தவங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னீங்களே."

சாமியார் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பானது. "ஆமா, சொன்னேன். சொன்னேன்ல?"

சொன்னது எது, சொல்லாதது எது என்று பிரித்துப் பார்க்க முடியாத வயசு, பாவம் என்று மைக்செட்காரருக்கு நெஞ்சு உருகியது. இதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாமியார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு பூசையில் எழுந்து, இதையே சனங்களுக்கு இரண்டு வார்த்தையில் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தன் பிரசங்கம் ஓர் ஆளையாவது எட்டியது என்று தெரிந்தால், சாகும்போது நிம்மதியாகச் சாவேன் என்றார். மனைவி அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை துணி துவைக்க எடுத்தபோது, சட்டைக் காலருக்குள்ளிருந்து இயர்போன் மனைவியின் கைக்கு வந்தது. அதன் மறுமுனை போனில் இருந்தது. போனில் பிரசங்கியார் இருந்தார், ஒன்றன்கீழ் ஒன்றாக முப்பது பிரசங்கம்.

மனைவி அழவில்லை, கத்தவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அது அதைவிட மோசம்.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசமா."

ஏழு மாதம் என்பது அந்த வீட்டில் வேறொரு கணக்கு. சமையலறைக் காலண்டரில், கணவர் குடிக்காமல் வந்த ஒவ்வொரு நாளுக்கும் மனைவி ரகசியமாகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து வந்திருந்தார். மாதாவிடம் வேண்டிக்கொண்டதற்குக் கிடைத்த பதில் என்று நினைத்திருந்தார். எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவரு பேச்சைக் கேட்டுத்தான் விட்டீங்களா?"

மைக்செட்காரர் தலையாட்டினார்.

"அப்போ கோவில் மாறிடுவீங்களா?"

"மாற மாட்டேம்மா. ஆனா அதைக் கேட்காம இருக்கச் சொல்லாதே. எனக்குப் பயமா இருக்கு."

இப்படி ஒரு வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்ல அந்தக் குடும்பத்தில் ஒரே ஆள்தான். மனைவியின் அண்ணன், அந்தக் கோவில் பங்கின் உபதேசியார், ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பவர். அன்று மாலையே வந்து, கத்தோலிக்கர் பிற சபைப் பிரசங்கத்தைக் கேட்கலாமா என்பதை இரண்டு மணி நேரம் அலசினார். கேட்கலாம், வேதத்தை அவர்கள் நம்மைவிடக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். கேட்கக் கூடாது, அங்கே நற்கருணை இல்லை, மாதா இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, கேட்டுக் கேட்டு இதெல்லாம் வேண்டாம் என்று தோன்றிவிடும். கேட்கலாம் என்று ஒரு கை எழும், கூடாது என்று மறு கை எழும்.

"மீன் மாதிரிதான் மாப்ள. முள்ளை எடுத்துட்டுச் சாப்பிடத் தெரிஞ்சவன் சாப்பிடலாம்."

"இவருக்கு எங்க அண்ணா முள்ளெடுக்கத் தெரியும்? வீட்ல நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்," என்றார் மனைவி.

கடைசியில், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மூன்று பேருமே நேரில் போவது, மனைவி முள் பார்ப்பது, முள் இருந்தால் முப்பது பிரசங்கத்தையும் போனிலிருந்து அழித்துவிடுவது என்று தீர்ப்பானது.

சனிக்கிழமை மாலை, தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று அரங்கத்தின் பின்வாசல் வழியாகப் போனார்கள். உள்ளே கடைசி வரிசையில் பங்கின் பாடற்குழுத் தலைவி முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். பங்குப் பேரவைச் செயலாளர் முகமூடி மாட்டியிருந்தார். நாற்காலி வாடகை விசாரிக்க வந்ததாகக் கேட்காமலே சொன்னார். நாங்களும் ஸ்பீக்கர் பார்க்கத்தான் வந்தோம் என்றார் உபதேசியார். அந்த வரிசை முழுக்கக் கத்தோலிக்கர்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஸ்பீக்கரை மைக்செட்காரர் பார்க்கத்தான் செய்தார். ஐயாயிரம் பேர் இருந்த இடத்தில் ஓர் இரைச்சல் இல்லை, ஒரு கூவல் இல்லை. பிரசங்கியார் மேடைக்கு வந்தபோது குழந்தைகள்கூட அடங்கின. இயர்போனில் பாதி மனிதனாக இருந்தவர் அங்கே முழு மனிதனாக நின்றார். குரலை உயர்த்தவேயில்லை.

"அன்னைக்கு ராத்திரி இயேசுவைத் தெரியாதுன்னு பேதுரு மூணு தடவை பொய் சொன்னாரு. சேவல் கூவுச்சு, பேதுரு அழுதாரு. நான் அந்தச் சேவலைத்தான் நினைச்சுப் பார்க்கிறேன். அது பேதுருவுக்காகக் கூவலை. தினமும் கூவுறதைத்தான் அன்னைக்கும் கூவுச்சு. தான் பிரசங்கம் பண்ணினோம்னு அதுக்குத் தெரியாது. கேட்டவருக்குத்தான் அன்னைக்குக் காது திறந்துச்சு."

ஐயாயிரம் பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மைக்செட்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை பெரிய விஷயத்தை இத்தனை சின்னச் சொற்களில் ஒருவர் வைக்க முடியுமா என்று பிரமித்துப்போய், அல்லேலூயா வெளியே வந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் உபதேசியார் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, எதையும் எழுப்பாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி அழுதுகொண்டிருந்தார்.

"இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குங்க," என்றார் மூக்கை உறிஞ்சியபடி.

"வேதத்துல இருக்குல்லம்மா, கேட்டிருப்பே," என்றார் அண்ணன்.

பேதுரு வெளியே போய் அழுத இடத்துக்கு வந்ததும், பிரசங்கியார் சட்டென்று நின்றார். மேலே ஏதோ இருக்கிறது, அதற்கு எட்ட முடியவில்லை என்பதுபோல் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இவ்வளவுதான் எனக்குக் கிடைச்சுது," என்று அடக்கமாகச் சொல்லி, கண்ணை மூடி ஜெபித்து, முடித்துவிட்டார். இப்போதெல்லாம் அப்படித்தான். முன்பு ஒரு மணி நேரம் பேசியவர், சில மாதங்களாக அரை மணியில் முடித்துவிடுகிறார். வயிறு நிறையுமுன் இலையை எடுத்ததுபோல் இருந்தது மைக்செட்காரருக்கு.

வெளியே வந்து, கூட்டம் கலையும் வரை சுவர் ஓரமாக நின்றார்கள். மைக்செட்காரர் போனைச் சட்டைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முள் இல்லைங்க," என்றார் மனைவி. "கேளுங்க. ஆனா பூசை நேரத்துல வேணாம்."

மைக்செட்காரருக்கு உயிர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சாமியார் முன்னால எழுந்து என்ன சொல்லப் போறீங்க? அவரு பாவம், ஒரு வாரமா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படறாரு."

"அதான் தெரியலை. நம்ம சாமியாருக்கும் இப்படி ரெண்டு வார்த்தை பேச வந்திருந்தா..." என்று பெருமூச்சுவிட்டார் மைக்செட்காரர். "என்னவோ முணுமுணுக்கிறாரு. எனக்கு ஒண்ணுமே காதுல விழறதில்லை."

அப்போது மேடைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் கூட்டத்துக்குள் புகுந்து, இவர்களை நோக்கியே வேகமாக வந்தார். ஒல்லி, தலையில் குல்லா, கக்கத்தில் நோட்டு. மூன்றாம் தூண் ஆசாமி. ஆயர் இல்லம் இங்கேயும் வந்துவிட்டது என்று மைக்செட்காரர் மனைவியின் பின்னால் ஒதுங்கினார். வந்தவர் முறைக்கவில்லை. குல்லாவைக் கழற்றி, கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, எங்க பிரசங்கியார் ஐயா உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கச் சொன்னாரு, ஆறு மணிப் பூசையில பெரிய சாமியாரோட மைக்கைக் கொஞ்சம் ஏத்தி வைங்க, ஏழு மாசமா எங்களுக்குப் பாதிப் பிரசங்கம்தான் வந்து சேருது."