ரொட்டித் தொழிற்சாலையின் கோமகன்

மொன்றியலில் நான் கண்ட மனிதர்களிலே, ஒரு பேரரசை இழந்துவிட்டு வந்தவர் போல ரொட்டி அடுக்கியவர் கோமகன் ஒருவர்தான். நகரை ஒட்டிய லொங்குய்யில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில், 2004 முதல் மூன்று வருடம், அவருக்கு இடப்பக்கம் நின்று வேலை செய்தேன்.

கோமகன் என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. கனடா வருமுன் ஜெர்மனியில் ஒரு பழைய நகரத்து உணவகத்தில் ஆறு வருடம் கோப்பை கழுவியவர். அந்த நகரத்தை எண்ணூறு வருடத்துக்கு முன் ஆண்ட கோமகன் ஒருவரின் வாழ்க்கையைக் கரைத்துக் குடித்திருந்தார். மதியம் புட்டுப் பெட்டி திறந்ததும் கதை தொடங்கும். திங்கள் கல்யாணம், செவ்வாய் சண்டை, புதன் சக்கரவர்த்தி. படை கேட்டுச் சக்கரவர்த்தி முழங்காலில் நின்றாராம். கோமகன் மறுத்தாராம். நாடு பறிபோய், இங்கிலாந்தில் மாமனாரிடம் தஞ்சம் புகுந்தாராம்.

"அவரும் அகதிதான்" என்பார், சொந்தச் சித்தப்பாவைச் சொல்வது போல.

எங்களோடு வேலை செய்த மட்டக்களப்புச் சகுந்தலா அக்கா விடமாட்டார். "எங்கட ஊரில கலியாணம் முடிச்சா ஆம்பிளையெல்லாம் மனிசிட வீட்டிலதான். அப்ப எல்லாரும் கோமகன்தானா?"

ஒரு செவ்வாய்க்கிழமை, வெட்டும் இயந்திரம் அக்காவின் இரண்டு விரல்களைப் பதம் பார்த்தது. அதன் காப்பு மூடி கழன்று ஒன்பது நாளாகியும் யாரும் பூட்டவில்லை, என் நாட்குறிப்பில் இருக்கிறது. மறுநாள் மதியம் மேலாளர் ஒரு தாளோடு வந்தார். தவறு அக்காவுடையது என்று நாங்கள் கையெழுத்திட வேண்டும். இட்டால் அக்காவுக்கு விபத்து விடுப்பும் இல்லை, வேலையும் இல்லை.

மூத்தவர் என்று முதலில் கோமகனிடம் போனார். சிரித்தார், மேற்பார்வையாளர் பதவி தருவதாகச் சொன்னார், கெஞ்சினார். மேலாளர் நெட்டை, கோமகன் தாழ்ந்த பெட்டியொன்றில் உட்கார்ந்து புட்டுத் தின்றுகொண்டிருந்தார். முகம் பார்த்துப் பேச, மேலாளர் ஒரு காலை மடித்து மண்டியிட வேண்டியதாயிற்று.

நாங்கள் எட்டுப் பேரும் மெல்லுவதை நிறுத்தினோம்.

கோமகன் பூரித்த முகத்தோடு எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தியளே, முழங்காலிலை நிக்கிறார்." பிறகு மேலாளரிடம் மிக மரியாதையாக, "நோன், மெர்சி" என்று பிரெஞ்சில் வேண்டாமென நன்றி சொன்னார்.

தாள் என்னிடம் வந்தது. நானும் அதையே சொன்னேன். எட்டுப் பேரும் சொன்னோம்.

அக்காவுக்கு விடுப்புக் கிடைத்தது, வேலையும் தப்பியது. கோமகனின் சீட்டு மட்டும் அடுத்த வெள்ளியே கிழிந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் மாமனார் வீட்டுக்குக் குடிபோனவர், அதையும் வெற்றிச் செய்தியாகவே தொலைபேசியில் அறிவித்தார்: "கதை வரிசை பிசகாமல் நடக்குது, தம்பி."

பின்னாளில் நூலகத்தில் தேடிப் படித்தேன். அந்த ஜெர்மன்காரர் படைக்குப் பதிலாக ஒரு நகரத்தையே கேட்டாராம், கிடைக்காததால்தான் மறுத்தாராம். எங்கள் கோமகன் எதையும் கேட்கவில்லை. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தன் ஆளைவிடத் தான் பெரியவன் என்று தெரிந்தால் மனிசன் தாங்கமாட்டார்.