என் பித்தப்பையை யாரும் தொடக்கூடாது

என் உடம்பில் கத்தி படாது. படவும் விடமாட்டேன். டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பித்தப்பை நிறையக் கல்லு" என்று சொன்ன அந்த நிமிடமே இந்த முடிவை எடுத்துவிட்டேன்.

நான் பிளம்பர். சும்மா பிளம்பர் இல்லை. சுவரை இடிக்காமல் அடைப்பெடுப்பதில் எங்கள் தெருவில் எனக்கென்று ஒரு பெயர் உண்டு. அப்பேர்ப்பட்டவன் வயிற்றில் இன்னொருவர் ஓட்டை போட்டுவிட்டுப் போவதா? ஊர் என்ன பேசும்?

"மாத்திரை போட்டுக் கரைக்க முடியாதா டாக்டர்?"

"சில வகைக் கல்லுதான் கரையும். மாசக்கணக்கா சாப்பிடணும். அப்புறமும் மறுபடி வரும்."

"சும்மா விட்டுட்டா?"

"வலியே இல்லாதவங்க விடலாம். உங்களுக்குத்தான் அடிக்கடி வலி வருதே. கல்லு நகர்ந்து குழாயை அடைச்சுதுன்னா மஞ்சக்காமாலை வரும், சீழ் பிடிக்கும். பையையே எடுத்துடறதுதான் நல்லது."

"குழாய் அடைப்பைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம், கூட வந்திருந்த என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. மழைக்கு ஒதுங்கியவர்கூட அவளிடம் சிக்கினால் வீட்டு ஜன்னல் அத்தனைக்கும் துணி வாங்கிக்கொண்டுதான் போவார். அவள் வாயை மூடிக்கொண்டு வருகிறாள் என்றால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவெட்டுகிறவர் ஒரு வைத்தியம் சொன்னார். ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து குடித்தால் கல் தானாக வெளியே வந்துவிடுமாம். குடித்தேன். குமட்டிக்கொண்டு வந்தது, விடவில்லை. மறுநாள் காலை பச்சைப் பச்சையாக உருண்டைகள் வந்தன. கிண்ணத்தில் கழுவி எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

"பாரு. கத்தி பட்டுதா? ரத்தம் வந்துதா?"

அவள் கிண்ணத்தை எடுத்து ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தாள்.

"என்னங்க, உங்க கல்லு உருகி எண்ணெயா நிக்குது."

"கரையற வகை போல."

"நீங்க குடிச்ச எண்ணெய்தான் உள்ளே போய்க் கட்டியாகி வந்திருக்கு. உங்க கல்லு அங்கேயே பத்திரமா இருக்கு, கல்லுளிமங்கன் மாதிரி."

அது உண்மைதான் என்று சீக்கிரமே தெரிந்தது. ஒரு மத்தியானம் வறுவலை ஒரு பிடி பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே யாரோ குறடு வைத்துத் திருகினார்கள். வலி தோள்பட்டை வரை ஏறியது. குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. செத்துவிடுவேனோ என்றுகூடத் தோன்றியது. வலி அடங்கியது. பயம் அடங்கியது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"ஆபரேஷன் பேச்சையே எடுக்காதே."

"நான் ஏன் எடுக்கறேன்?" என்றாள்.

அதற்கப்புறம்தான் எங்கள் சமையலறை சிங்க்குக்குச் சனி பிடித்தது. சிங்க்குக்கு அடியில் சுவருக்குள் பதித்த ஒரு சின்னப் பெட்டி உண்டு. தண்ணீரோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு அதில் தங்கும். முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போனது. திடீரென்று ஒருநாள் அதில் அடைப்பு. கம்பி விட்டு எடுத்தேன். மறுநாளும் அடைப்பு. வெந்நீர் ஊற்றிக் கரைத்தேன். அதற்கும் மறுநாள் கண் விழித்தால் மறுபடி அடைப்பு.

"முதல்ல அதைச் சரி பண்ணுங்க. அப்புறம்தான் அடுப்பைப் பத்த வைப்பேன்" என்றாள்.

காலையிலிருந்து தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்காத கோபத்தோடு சிங்க்குக்கு அடியில் புகுந்தேன். அவள் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"கம்பி விட்டு எடுத்தாப் போதாதா?"

"எத்தனை தடவை எடுக்கறது? பெட்டி இருக்கற வரைக்கும் உள்ளே கட்டிக்கிட்டேதான் இருக்கும்."

"மருந்து ஊத்திக் கரைச்சா?"

"கரைச்சாலும் திரும்ப வரும். பெட்டியையே கழட்டி எறியணும்."

"ஐயோ, பெட்டி இல்லேன்னா தண்ணி எப்படிப் போகும்?"

"குழாயிலேருந்து குழாய்க்கு நேரா போகும். இந்தப் பெட்டி இல்லாம எத்தனை வீடு நல்லா நடக்குது தெரியுமா?"

"அப்படியே விட்டுட்டா என்ன?"

"பிசுக்கு நகர்ந்து பெரிய குழாய்ல போய் அடைக்கும். அப்புறம் வீடே நாறும். இதெல்லாம் தள்ளிப் போடற விஷயமா?"

"கழட்டணும்னா சுவரை இடிக்கணுமே?"

"எதுக்கு? சின்னதா மூணு நாலு ஓட்டை போட்டு அது வழியா உருவிடலாம். வேலை தெரிஞ்சவன் கையில விட்டுட்டு நீ பேசாம இரு."

அவள் பேசவில்லை. அலமாரித் தட்டிலிருந்து வேறொரு பெண்குரல் பேசியது.

"டாக்டரைவிட அழகா சொல்றாருங்க. பக்கத்து வார்டுல ஒருத்தர் ஆபரேஷன் வேண்டாம்னு அடம் பிடிக்கறார். இவரையே அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசச் சொல்லணும்."

வெளியே தலையை நீட்டினேன். தட்டில் ஸ்பீக்கரில் போட்ட செல்போன். பேசியது ஆஸ்பத்திரி நர்ஸ்.

"நான் சொன்னது சிங்க்கைப் பத்தி" என்றேன்.

"நானும் சிங்க்கைப் பத்தித்தான் கேட்டேன்" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. "அன்னிக்குத் தரையில கிடந்தீங்களே, இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

கையிலிருந்த பிசுக்கைத் துடைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சரி, வரேன். ஆனா இன்னிக்கு இல்லை. நாள் குறிச்சு, யோசிச்சு, நானா வருவேன்."

நர்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. "இன்னிக்கு ஆபரேஷன் லிஸ்ட்ல முதல் ஆளே உங்க வீட்டுக்காரர்தான். வெறும் வயித்தோடதானேம்மா இருக்கார்?"

"ஆமா சிஸ்டர்" என்றாள் என் மனைவி. "அதுக்குத்தானே மூணு நாளா சிங்க்ல மெழுகு காய்ச்சி ஊத்தினேன்."