நாலடிக் கடல்

திண்டுக்கல்லுக்குக் கடலைக் கொண்டுவருவது என்று ஆரோக்கியதாஸ் முடிவு செய்தபோது, ஸ்டூலில் ஏறி நின்று டியூப்லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய முடிவுகளை உயரத்தில் நின்று எடுப்பதுதான் அவருக்கு வழக்கம்.

இரண்டாயிரமாவது வருடத்து ஜனவரி மாதம் அது. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஓட்டல் வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். உள்ளே உப்புத் தண்ணீர். தண்ணீருக்குள் ஊதாவும் பச்சையுமாக உயிருள்ள பவளம். அதற்குள் நுழைந்து நுழைந்து வரும் மீன்கள். மாப்பிள்ளை பெயர் என்ன என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. தொட்டியின் நீள, அகல, உயரம் தெரியும்.

"செல்வி, நம்ம வீட்ல கடல் வைக்கப் போறேன்."

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த மரியசெல்வி நிமிரவில்லை. "மொதல்ல கீழ எறங்குங்க. ஸ்டூலுக்கு ஒரு காலு ஆடுது."

"மீனும் பவளமும் ஒண்ணா வாழுற கடல். நாலடி நீளம்."

"குடிக்கிற தண்ணிக்கே லாரி வரணும். இந்த ஊர்ல கடலா?"

"அதான் சவாலே."

ஸ்டூலின் கால் ஆடியது. அவர் இறங்கிவிட்டார். ஆனால் முடிவிலிருந்து இறங்கவில்லை.

ஆரோக்கியதாஸ் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். மரியசெல்வி தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரையில். அவள் அப்பாவுக்குச் சொந்தமாக மீன்பிடி வள்ளம் இருந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருடம். இந்தப் பதினேழு வருடத்தில் ஆரோக்கியதாஸ் ஒரு விதியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மனைவி சொல்வதற்கு நேர் எதிராகச் செய்தால் வீட்டில் அறிவியல் தழைக்கும். அவள் கிழக்குச் சுவரில் வைக்கச் சொன்ன பீரோ மேற்குச் சுவரில் நின்றது. அங்கே அதன் கதவு ஜன்னலில் இடித்து முக்கால்வாசிதான் திறக்கும். அது வேறு விஷயம்.

விதியின் தலைசிறந்த வெற்றி ஏ.சி. விவகாரம். ஏழு கோடையாக அவள் படுக்கையறைக்கு ஏ.சி. கேட்டாள். ஏழு கோடையாக அவர் வேர்வையின் மகிமை பற்றி வகுப்பெடுத்தார். "வேர்வை காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது. நாம பொறக்கும்போதே ஆண்டவர் மாட்டிவிட்ட ஏ.சி. நமக்கு எதுக்கு இன்னொண்ணு?" என்பார், முதுகில் பனியன் ஒட்டிக்கொண்டிருக்க.

பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி வீட்டில் ஏ.சி. உண்டு. கோடை விடுமுறையில் மத்தியானம் தவறாமல் மரியசெல்வி அங்கே பூத்தையல் கற்றுக்கொள்ளப் போவாள். ஐந்து கோடையில் அரைக் கைக்குட்டை முடிந்திருந்தது.

இந்த வருடம் அவள் ஏ.சி. பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தான் ஜெயித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் தொட்டி வந்தது. எங்கே வைப்பது என்பதில் மரியசெல்வி ரொம்பக் கறாராக இருந்தாள்.

"ஹால்லதான் வைக்கணும். வாரவுக போறவுக பாப்பாக."

"ஹால்ல மேற்கு வெயில் அடிக்கும்."

"அடிச்சா அடிக்கட்டும். பெட்ரூம்ல மட்டும் வைக்கக் கூடாது. மோட்டார் சத்தத்துல நான் எப்பிடித் தூங்குறது? இப்பவே சொல்லிட்டேன், பெட்ரூம் ஆகாது."

தொட்டி பெட்ரூமில் வைக்கப்பட்டது.

கடல் தண்ணீர், தூத்துக்குடியிலிருந்து மச்சினன் அனுப்பும் மீன் லாரியில், பால் கேன்களில் வந்து இறங்கியது. லாரியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று கேள்விப்பட்டுத் தெருவே குடத்தோடு வந்து வரிசை கட்டியது. முதலில் நின்றவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். வரிசை கலைந்தது.

பவளங்கள் சென்னையிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் ரயிலேறி வந்தன. கூடவே ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள். விளக்கைப் போட்டதும் பவளங்கள் மொட்டவிழ்கிற மாதிரி விரிந்தன. ஆரோக்கியதாஸ் சக ஆசிரியர்களை வரவழைத்துக் காட்டினார். "இது கல்லுன்னு நெனைக்கிறீங்க. இல்ல. அம்புட்டும் உயிரு" என்பார். தலைமையாசிரியர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கல்லு மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தமிழாசிரியர். மன்னிக்கலாம்.

கரண்டு போனால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். ஆகவே தொட்டி இருக்கும் அறையில்தான் தன் படுக்கை என்று அவர் அறிவித்தார். கரண்டு போகும்போதெல்லாம் எழுந்து ஒரு கரண்டியால் கடலைக் கலக்குவார்.

ஏப்ரலில் அவருக்கு ஒரு குறை தோன்றியது. இரண்டு மீன் போதாது. சென்னைக் கடைக்காரர் அனுப்பிய படங்களைக் கட்டிலில் பரப்பினார். மஞ்சள் உடம்பும், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடும், நீண்ட மூக்குமாக ஒரு மீன் அவர் மனதைப் பறித்தது.

மரியசெல்வி எட்டிப் பார்த்தாள். "இத வாங்காதீங்க."

"ஏன்?"

"அந்த மூக்கப் பாருங்க, குறடு மாதிரி. எங்கப்பா சொல்லுவாரு, இது பவளத்தைக் கொத்திக் கொத்தித் தின்னும்னு. பவளம் இருக்குற எடத்துல இத விட்டா வெஞ்சனச் சட்டியில விட்ட மாதிரி."

"வள்ளம் ஓட்டுறதும் விலங்கியலும் வேற வேற, செல்வி."

"நான் சொல்லுறதச் சொல்லிட்டேன்."

அடுத்த வாரம் மஞ்சள் மீன் வந்தது. பவளங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, மூக்கால் செல்லமாக முத்தமிட்டது. "பாத்தியா, என்ன பாசம்" என்றார்.

மே மாதம் வந்தது. பவளங்கள் வெளுக்கத் தொடங்கின. ஊதா சாம்பலானது. பச்சை எலும்பு நிறமானது. ஆரோக்கியதாஸ் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். முப்பத்திரண்டு டிகிரி. காரணம் பிடிபட்டது. சூடு.

சென்னைக் கடைக்காரர் போனில், "இருபத்தாறைத் தாண்டக் கூடாது சார். ரூமுக்கு ஏ.சி. போட்டுடுங்க" என்றார், சோப்பு வாங்கிப் போடுங்கள் என்பதைப் போல.

ஏழு கோடையின் வேர்வை வகுப்புகள் ஆரோக்கியதாஸின் கண்முன் வந்து நின்றன. முதலில் ஐஸ் முயன்றார். பாலிதீன் பையில் ஐஸ் கட்டி மிதக்கவிட்டார். பை ஓட்டையாகி உப்பு குறைந்தது. நனைந்த சாக்கைச் சுற்றினார். கடல் சாக்கடை வாசம் அடித்தது. இரண்டு மின்விசிறிகளையும் தொட்டிப் பக்கம் திருப்பினார். இரண்டும் சேர்ந்து சூடான காற்றைச் சுறுசுறுப்பாக வீசின.

கடைசியில் ஒரு காலை, இட்லிக்கு முன்னால், தொண்டையைச் செருமினார்.

"செல்வி, ஒரு ஏ.சி. வாங்கலாமான்னு..."

"வேணாம்." அவள் சட்டென்று சொன்னாள். "ஏ.சி.யெல்லாம் உடம்புக்கு ஆகாது. வேர்த்தாத்தான் நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க. எனக்கு அதுவே பழகிருச்சு."

"உனக்கில்ல. பவளத்துக்கு."

"பவளமும் பழகிக்கிரட்டும். ஏ.சி. மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. ஆமா."

அன்று சாயங்காலமே அவர் ஏ.சி.க்குச் சொல்லிவிட்டு வந்தார். மனதுக்கு இதமாக இருந்தது.

மறுநாள் மாட்ட வந்தவர் மைதீன் பிச்சை. அந்தத் தெருவில் குளிர்ச்சி எதுவாக இருந்தாலும் அவர் கைபட்டதுதான். மரியசெல்வி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். எந்தச் சுவரில் துளை போடுவது என்று ஆரோக்கியதாஸ் அளவுநாடாவோடு நின்றார். மைதீன் பிச்சை நேராகப் போய், கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த பெரிய வேளாங்கண்ணி மாதா படத்தைப் பயபக்தியோடு இறக்கி, மேசையில் சாய்த்து வைத்தார்.

படத்துக்குப் பின்னால் சுவர் இல்லை. ஏ.சி. அளவுக்கு நேர்த்தியாகப் பூசிய சதுரத் துளையும், அதை வெளிப்பக்கம் அடைத்த ஒரு பலகையும் இருந்தன.

"இது என்ன?" என்றார் ஆரோக்கியதாஸ்.

"நம்ம போட்டதுதான் சார். நீங்க மதுரைக்குப் பேப்பர் திருத்தப் போயிருந்தீங்கல்ல, அப்ப."

"மார்ச்லயா?"

"ஆமா சார். நான்கூட டீச்சர்ட்ட கேட்டேன், சார் ஒத்துக்குவாரான்னு. 'நான் வேணாம்னு சொல்லுவேன், அவரு வாங்கிட்டு வந்துருவாரு, நீங்க ஓட்டையப் போடுங்க'ன்னாங்க." பலகையைக் கழற்றினார். "டீச்சருக்கு நல்ல மூளை சார்."

ஹாலில் இருந்த மாதா படத்தை அவள் படுக்கையறைக்கு மாற்றியபோது, மனைவிக்குப் பக்தி கூடிவிட்டதாக அவர் பங்குத்தந்தையிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். பெட்ரூம் ஆகாது என்றாள்; பெட்ரூமில் வைத்தார். ஏ.சி. கூடாது என்றாள்; ஏ.சி. வந்துவிட்டது. அவள் வேண்டாம் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டும். அவர் பதினேழு வருடமாகக் கண்டுபிடித்து வைத்திருந்த விதியை அவள் எந்த வருடத்தில் கண்டுபிடித்தாளோ தெரியாது. ஆனால் அதிர்ச்சி கால் மணி நேரம்தான். பிறகு அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. இப்போது தனக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இனிமேல் அவள் சொல்வதை அப்படியே செய்தால் போதும். தோற்றுப்போவாள்.

ஏ.சி. ஓடியது. தண்ணீர் இருபத்தாறு டிகிரிக்கு இறங்கியது. பவளங்கள் மட்டும் தேறவில்லை. வெளுத்தது போக, இப்போது குட்டையாகவும் ஆகிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அவர் முதல்முறையாகத் தொட்டியையே உற்றுப் பார்த்தார். மஞ்சள் மீன் ஒரு பவளத்தை முத்தமிட்டது. முத்தமிட்ட இடம் காணாமல் போனது. அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. மீன் நன்றாகக் கொழுத்திருந்தது.

"செல்வி," என்று கூப்பிட்டார், "இது பவளத்தைத் தின்னுது."

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள் அவள். அதை மறுக்க வழியில்லை. சொல்லத்தான் செய்தாள்.

ஜூன் பிறப்பதற்குள் கடலில் மூன்று மீனும் கொஞ்சம் வெள்ளைக் கல்லும் மிச்சம். ஒரு மத்தியானம் ஏ.சி.யின் கீழே உட்கார்ந்து கைக்குட்டையைத் தைத்துக்கொண்டே மரியசெல்வி சொன்னாள்: "பவளம் போயிருச்சு. மீனு வெக்கையத் தாங்கும்னு கடைக்காரரே சொல்லிட்டாரு. தொட்டியக் கொண்டுபோயி ஹால்ல வச்சிருங்க."

ஆரோக்கியதாஸின் காது கூர்மையானது. "ஹால்லயா?"

"ஹால்லதான். இங்க வேணவே வேணாம்."

வேண்டாம் என்கிறாள். அப்படியென்றால் இங்கேயே இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவர் வழக்கம்போல எதிர்த்து நிற்பார், தொட்டியை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறாள். எதற்கு என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டிய அவசியமும் இல்லை. இந்த முறை கணக்கு அவருடையது.

"நீ சொன்னாச் சரிதான்" என்றார்.

சனிக்கிழமை சுமை தூக்கும் ஆட்கள் நாலு பேரைக் கூட்டி வந்தார். பாதித் தண்ணீரை இறைத்து, தொட்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி ஹாலில் வைத்து, மறுபடி நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டபோது பிற்பகல் மூன்று மணி. மேற்கு வெயில் தொட்டியில் விழுந்து மீன்கள் தகதகத்தன. பனியனைப் பிழிந்து உதறினார். தோற்றுப்போன முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பெட்ரூம் கதவருகே போனார். உள்ளே ஜெய்தூன் பீவியின் குரல் கேட்டது.

"அண்ணனுக்குத்தான் விசயம் தெரிஞ்சுபோச்சே. மைதீன் பிச்சை அன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்து, ஒளறிட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டான். பெறகு எப்பிடிப் புள்ள தொட்டிய நகத்துன?"

"அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்லக்கா" என்றது மரியசெல்வியின் குரல். "அதான் இந்தத் தடவ நெசத்தையே சொல்லிட்டேன்."

ஆரோக்கியதாஸ் கதவைத் தள்ளினார். இருவரும் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள், கழுத்துவரை போர்வை போர்த்திக்கொண்டு. தொட்டி இருந்த இடம் காலியாக, விசாலமாக இருந்தது. அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒங்க பாயும் தலகாணியும் மீனுக்குப் பக்கத்துலயே போட்டுட்டேன்" என்றாள் மரியசெல்வி. "கதவச் சாத்திட்டுப் போங்க. குளிரு வெளிய போகுது."