முப்பது வருடமாக நானே தேர்ந்தெடுத்த சட்டைகள்

உடை விஷயத்தில் நான் என் மனைவி பேச்சைக் கேட்டதே இல்லை. முப்பது வருடமாக. இதை எந்த சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், அவள் அங்கே இல்லாதவரை.

கல்யாணமான புதிதில், உள்ளே இன்னொருவரைக் குடிவைக்கலாம் போன்ற பேகி பேண்ட் போட்டிருந்தேன். ரொம்ப எடுப்பாக இருக்கிறது என்றாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாளே தம்பிக்குக் கொடுத்தேன். நாற்பதில் இறுக்கமான டி-ஷர்ட். வயிறு முதலில் வரும், நான் பின்னால் வருவேன். அதையும் புகழ்ந்தாள். அதுவும் போயிற்று. கட்டம் போட்ட சட்டை கிழவர் மாதிரி காட்டுகிறது என்றாள். ஒரு டஜன் வாங்கினேன். எல்லாம் என் சொந்த முடிவு.

போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றேன். கிளை மேலாளர் என்பதால் என் படத்தை அலுவலக ஹாலில் மாட்டுவார்கள். எனக்கு முந்தைய ஏழு பேரும் அங்கே வெள்ளைச் சட்டையில் விறைப்பாக இருக்கிறார்கள். நான் மட்டும் பூப்போட்ட மஞ்சள் சட்டையில் தொங்குவதாக முடிவு செய்தேன். புகழ்ந்தாலும் திட்டினாலும் மஞ்சள்தான் என்று முந்தின நாளே மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அன்று காலையில் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். மனைவி, கட்டிக்கொடுத்த மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா எதைப் போடணுமோ அதைக் குறை சொல்லணும்டி. எதைக் கழட்டணுமோ அதைப் புகழணும். முப்பது வருஷமா இதுதான்."

தலை சுற்றியது. அப்படியானால் பேகி பேண்ட்? டி-ஷர்ட்? ஒரு டஜன் கட்டம்? ஓசைப்படாமல் அறைக்குத் திரும்பினேன். அவமானமாக இருந்தது. இன்று அவள் எதைக் குறை சொல்கிறாளோ அதைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

கொஞ்ச நேரத்தில் வந்தாள்.

"அந்த சாம்பல் கலர் போடுங்களேன். உங்களுக்கு அதுதான் கம்பீரம்."

"மஞ்சள்?"

"அது வேண்டாங்க. மேஜை விரிப்பு நடந்து வர்ற மாதிரி இருக்கு."

ஆக, அவளுக்கு வேண்டியது மஞ்சள். அகப்பட்டுக்கொண்டாள். சாம்பலே போடுகிறேன் என்றேன். அவள் முகம் வாடியது. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். போன மாதம் பட்டன் அறுந்த சட்டை அது. இப்போது பட்டன் இருந்தது. அதிர்ஷ்டமும் என் பக்கம்தான் என்று மாட்டிக்கொண்டேன்.

படம் பிரமாதமாக வந்தது. சட்டம் போட்டு மாலை வழியனுப்புக் கூட்டத்துக்கு முன்பே மாட்டிவிட்டார்கள். பக்கத்தில் அந்த ஏழு பேரும் மங்கிப்போனார்கள். அதற்குக் கீழே மனைவியை நிறுத்தினேன்.

"முப்பது வருஷத்துல முதல் தடவையா உன் தந்திரம் பலிக்கலை. காலையில நீ மககிட்ட பேசினதைக் கேட்டுட்டேன்."

அவள் அண்ணாந்து பார்த்து, படத்தின் சட்டத்தை நேராக்கினாள்.

"பட்டனை நேத்தே தச்சாச்சு. காலையில ஃபிரிட்ஜ் கதவுல உங்க நிழலைப் பார்த்தப்புறம்தான் போனையே எடுத்தேன். அந்தப் பக்கம் யாருமில்லைங்க."