அழிந்துபோனவரின் நாற்காலி

பல்செட்காரர் தன் நாற்காலியைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். ஆளே அழிந்துபோனாலும் சரி, நாற்காலி போகக் கூடாது. ஆள் அழிந்துபோனால் அதில் யார் உட்காருவார் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

அப்படி என்ன நாற்காலி? பழுப்பு நிறச் சாய்வு நாற்காலி. பக்கவாட்டுக் கம்பியை இழுத்தால் 'க்ரீச்' என்று அலறிக்கொண்டு முதுகு பின்னால் போகும், கால் மேலே வரும். கைப்பிடியில் இருந்த பஞ்சு வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்து வெகு காலமாகிறது. செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் நாள் முழுக்க ஊரார் வாய்க்காகக் குனிந்து கிடக்கிற மனுஷர், வீட்டுக்கு வந்து நிமிர்வது அதில்தான்.

அவர் மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது. பால்கனிக் கதவை மறித்துக்கொண்டு கிடந்தது. கதவு பாதிதான் திறக்கும். ஈரத்துணி வாளியோடு அவள் ஒருக்களித்துப் போய் ஒருக்களித்து வர வேண்டும். அவளோ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். எப்பேர்ப்பட்ட சந்திலும் வண்டியை நுழைத்துவிடுவாள். சொந்த வீட்டுப் பால்கனிக்குள் தன்னை நுழைக்க முடியவில்லை என்பது அவளுக்குப் பெரிய மானப் பிரச்சினை.

இரண்டு பேரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் டிவியில் வரும் 'கடைசி நிலவு' தொடர். நிலவில் ஒரு குடியிருப்பு. அங்கே கொலை செய்தவனைத் தூக்கில் போட மாட்டார்கள். ஆளையே அழித்துவிடுவார்கள். உடம்பை இல்லை, உள்ளே இருக்கிற ஆளை. ஞாபகம், பெயர், பழக்கம் எல்லாம் துடைத்தெடுத்துப் புது ஆளாக வெளியே விடுவார்கள். அவன் பழைய சாமான்களை அக்கம்பக்கத்தாருக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு கொலைகாரன் சாதுவான தோட்டக்காரனாகிக் கண்ணாடிக் கூடத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். செத்தவனின் தங்கை ஒருநாள் அங்கே வந்து இறங்குகிறாள். மன்னிப்பாளா, மாட்டாளா? கடைசிப் பகுதியில்தான் தெரியும்.

சேர்ந்துதான் பார்ப்பது என்று இருவருக்கும் ஒப்பந்தம். டீச்சர் முந்திப் பார்த்தால் ரிமோட் நிரந்தரமாக அவருக்கு. அவர் முந்திப் பார்த்தால் நாற்காலி வெளியே. பல்செட்காரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். தன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கை உலகத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

பட்டறையில் மதியம் யாருடைய கீழ்த்தாடைக்கோ அச்செடுக்க மாவு குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜைக்காரர் செல்போனில் கடைசிப் பகுதியைப் போட்டார். ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கலாம் என்றுதான் போனார். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் மாவு கல்லாகி, அதற்குள் கரண்டி நட்டுவைத்த மாதிரி நின்றது.

சாயங்காலம் வாயைத் திறக்கக் கூடாது என்று வைராக்கியத்தோடுதான் வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் துணி மடித்துக்கொண்டே புலம்பினாள்.

"அந்தப் பொண்ணு அவனை மன்னிக்கவே மாட்டான்னு தோணுதுங்க. பாவம், அவனுக்குத்தான் ஒண்ணுமே ஞாபகம் இல்லையே."

மனைவி கலங்கினால் பல்செட்காரருக்குத் தாங்காது. அதுதான் அவர் கெட்ட நேரம்.

"நீ ஏம்மா கவலைப்படுற? அவன் கையில இருக்கிற பூவாளியை அவளே வாங்கி..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் பூவாளி ஏற்கெனவே நடுக்கூடத்தில் விழுந்துவிட்டது.

"வாங்கி?"

"வாங்கி... ஏதாவது பண்ணுவா."

"எந்தப் பூவாளி? இதுவரைக்கும் அவன் குழாயிலதானே தண்ணி விட்டான்?"

டீச்சரின் பார்வை மெதுவாக நாற்காலிக்குப் போனது. பிறகு பால்கனிக் கதவுக்கு. பிறகு மறுபடி நாற்காலிக்கு. அளவெடுக்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

எழுந்து நின்றார். ஆபத்தில்தான் அவருக்கு மூளை வேலை செய்யும். இதற்கு முன்பு வேலை செய்ததற்கு ஆதாரம் இல்லை, ஆனால் அன்றைக்கு வேலை செய்தது.

"ஆமா, பார்த்தான். ஒருத்தன் பார்த்தான். ஆனா அவன் இப்ப இல்ல."

"எங்க போயிட்டாரு?"

"அழிச்சாச்சு. பட்டறை வாஷ்பேசின் கண்ணாடி முன்னால நின்னு நானே அழிச்சிட்டேன். இப்ப உன் முன்னால நிக்கிறது புது ஆளு. எனக்கு எதுவும் ஞாபகமில்ல. அந்தத் தோட்டக்காரனைப் பாவம்னு சொன்னியே, நானும் அதே பாவம்தானே? அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

இப்படி ஒரு வாதத்தை நிலவில்கூட எவனும் வைத்ததில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

டீச்சர் வாய்விட்டுக் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அவளிடம் கார் கற்றவர்களுக்குத் தெரியும், அந்தக் குரல் வந்தால் அடுத்த நொடி அவள் கால் பிரேக்கில் இருக்கும். பல்செட்காரர் அவளிடம் கார் கற்றவர் இல்லை.

"நியாயம்தாங்க. ஆனா சோதிச்சுப் பார்க்கணும்ல? வாங்க, கடைசிப் பகுதியைச் சேர்ந்து பார்ப்போம். நீங்க நிஜமாவே புது ஆளா இருந்தா மன்னிச்சிடறேன்."

நடுவராக எதிர்வீட்டு நர்ஸ் அக்கா வந்து உட்கார்ந்தாள். பொய் வலியோடு வருகிறவர்களை வாசலிலேயே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவள் அவள்.

பல்செட்காரர் நாற்காலியில் சாய்ந்தார். க்ரீச். அன்றைக்கு அவர் நடித்த நடிப்பு இருக்கிறதே!

"யாரு இவ?" என்றார், தங்கை வந்ததும்.

"தம்பி, அது செத்தவனோட தங்கச்சி" என்றாள் நர்ஸ் அக்கா.

"அய்யய்யோ, யாரு செத்தது?"

டீச்சர் படத்தை நிறுத்தினாள். "இப்ப அந்தக் கதவைத் திறந்துக்கிட்டு யாரு வருவா, சொல்லுங்க."

"போலீஸா?"

தோட்டக்காரன் வந்தான். பல்செட்காரர் நாற்காலியிலிருந்து துள்ளியே விட்டார். நர்ஸ் அக்கா அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "நிஜமாவே படபடன்னு அடிக்குது" என்றாள். அடிக்காமல் என்ன செய்யும்? நாற்காலி போகிற பயம் நாடியிலும் தெரியும்தானே.

தங்கை பூவாளியை வாங்கினாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அதை அவன்மேல் வீசவில்லை. அவன் பக்கத்தில் நின்று, அவன் விட்ட இடத்திலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை.

அந்த இடத்தில் பல்செட்காரர் நடிக்கவில்லை. மதியம் அழுத அதே இடத்தில் மறுபடியும் அழுதார். டீச்சரும் அழுதாள். புடவைத் தலைப்பின் ஒரு முனையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுமுனையை அவரிடம் நீட்டினாள். அந்த நிமிஷத்தில் அவர்களுக்குள் நிஜமாகவே ஒரு சண்டையும் இல்லை.

"சோதனையில பாஸ்" என்றாள் நர்ஸ் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மன்னிச்சிட்டேங்க" என்றாள் டீச்சர். "பார்த்தவர் வேற, நீங்க வேற. அக்கா, நீங்க சாட்சி. ஆனா ஒண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பழைய ஆளுக்கும் உங்களுக்கும் ஒட்டு உறவு எதுவுமே இல்லையே?"

"எதுவுமே இல்ல!"

"பின்னாடி இது என்னது, அது என்னதுன்னு வர மாட்டீங்களே?"

"அவன் பாவமும் வேணாம், பழியும் வேணாம். அவனோட ஒரு துரும்புகூட எனக்கு வேணாம்!" என்று கையை உயர்த்தி முழங்கினார். மாவீரன் கோட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது அந்த முழக்கம். அன்றிரவு அவர் தூங்கிய தூக்கத்தில் குறட்டைகூட வெற்றி முரசாக ஒலித்ததாகக் கேள்வி.

மறுநாள் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பொண்டாட்டிகிட்ட வாதாடி ஜெயிச்சவன் எவனாவது இருந்தா கூட்டிட்டு வாங்கய்யா!" ஒருத்தரும் வரவில்லை. கல்லாகிப்போன மாவிலிருந்து கரண்டியைப் பெயர்த்தெடுக்கும்போதுகூட விசில் அடித்தார். சாயங்காலம் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். போனதும் முதல் வேலை, கம்பியை இழுத்து, காலைத் தூக்கிப் போட்டு, ஒரு டீ.

கதவைத் திறந்தார். வீடே வெளிச்சமாக இருந்தது. பால்கனிக் கதவு சுவர் வரைக்கும் விரியத் திறந்து காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. டீச்சர் வாளியைக் கையில் வீசிக்கொண்டு ராணி மாதிரி நேராக உள்ளே வந்தாள். தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது.

"நாற்காலி எங்க?"

"எந்த நாற்காலிங்க?"

"என்னோட நாற்காலி!"

"உங்களோடதா?" பஞ்சுக் குரல். "அது அவரோடதுங்க. அந்த அழிஞ்சுபோனவரோடது. தொடர்ல செய்யற மாதிரியே அக்கம்பக்கத்துல கொடுத்துட்டேன். நர்ஸ் அக்கா வீட்டுக்காரருக்கு முதுகு வலியாம்."

"அடிப்பாவி! நான்தான் அவன்! அவன்தான் நான்!"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் புறப்பட்டாள்.

"அப்படியா? இதோ, இப்பவே திரும்ப வாங்கிட்டு வந்துடறேன். அப்புறம் முந்திப் பார்த்ததுக்கு ஒப்பந்தப்படி வெளியே தூக்கிப் போட்டுடலாம். எப்படி வசதி?"

பல்செட்காரர் அவசரமாகக் குறுக்கே போய் வாசலை மறித்துக்கொண்டார். எதிர்வீட்டிலிருந்து 'க்ரீச்' என்று ஒரு சத்தமும், அதைத் தொடர்ந்து ஓர் ஆனந்தப் பெருமூச்சும் வந்தன.

டீச்சர் சமையலறையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் படிந்திருந்த தூசியையும் தட்டிவிட்டாள்.

"உட்காருங்க. வீட்டுக்குப் புதுசா வந்திருக்கீங்க, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?"