ஒரே ஊழியர் கொண்ட நிறுவனம்

வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லி உட்காரவைக்கப்பட்ட ஒரு மனிதர், வாயைத் திறந்தே ஒரு சர்வதேச வணிகக் கல்லூரிக்கு அங்கீகாரம் வாங்கிக் கொடுத்தார். அவர் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. பார்த்த உத்தியோகம், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்ப்பது. நம்ப மாட்டீர்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரான அவர் மனைவியே நம்ப மறுத்தார், நீங்கள் எம்மாத்திரம்?

அன்று மீட்டர்காரர் பாதி முகத்தில் சவரமும் பாதி முகத்தில் நுரையுமாக நின்றிருந்தபோது மகள் போன் செய்தாள். அவள் அந்தக் கல்லூரியில் அலுவலக மேலாளர்.

"அப்பா, இன்னிக்கு அங்கீகாரக் குழு எங்க வகுப்பப் பாக்குது. கௌரவப் பேராசிரியர் காலைலதான் வேலைய விட்டுட்டுப் போனார். அங்கீகாரம் கெடைக்கலன்னா காலேஜ இழுத்துப் பூட்டிடுவாங்க. என் வேலையும் போயிடும்."

"நான் வந்து என்னம்மா செய்யறது?"

"நரைச்ச தலையோட உக்காந்திருந்தா போதும். வாயை மட்டும் தெறந்துடாதீங்க."

கல்லூரி ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. சர்வதேசம் என்பதற்கு அடையாளமாக வரவேற்பறைச் சுவரில் நான்கு நாட்டு நேரம் காட்டும் நான்கு கடிகாரங்கள். ஒன்றும் ஓடவில்லை, ஆனால் தனித்தனி மணியில் நின்றிருந்தன.

இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'கோட்டு'. குளிக்கும்போதும் கோட்டைக் கழற்ற மாட்டார் என்று பேச்சு. அந்தப் புண்ணியவான் அன்று கோட்டைக் கழற்றி மீட்டர்காரருக்கு மாட்டிவிட்டார். பொத்தானைப் போட்டால் மூச்சு விட முடியவில்லை. மூச்சு விட்டதும் பொத்தான் தெறித்தது. முன்வரிசை மாணவி ஒருத்தி அதைச் சரியாகக் கையில் பிடித்தாள்.

குழு நேரில் வருகிற குழு அல்ல. சுவரில் ஒரு திரை, அதில் ஒரு கறுப்புக் கட்டம், அவ்வளவுதான். குழுத் தலைவர் முகமும் காட்டமாட்டார், குரலும் காட்டமாட்டார். கேள்விகள் எழுத்தாக வரும். யாரென்று தெரிந்தால் கல்லூரிக்காரர்கள் பழக்கூடையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்களாம். அதனால் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற கல்வியாளர்கள் முடிவு வரும்வரை சொந்த வீட்டில்கூட அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று விதி.

திரையில் முதல் வரி வந்தது: "பேராசிரியர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளலாம்."

கோட்டு குறுக்கே பாய்ந்தார். பேராசிரியருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, பேசக் கூடாது என்றார்.

"பேசக் கூடாதவர் பாடம் நடத்துவது எப்படி?"

கோட்டு இல்லாமலேயே கோட்டுக்கு வியர்த்தது. கட்டைப் பிரித்தாகிவிட்டது, இன்றிலிருந்து பேசலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று மாற்றிச் சொன்னார்.

"மிக்க மகிழ்ச்சி. ஊழியர்களை நிர்வகிப்பது பற்றிப் பேசட்டும். சொந்த அனுபவத்திலிருந்து."

மீட்டர்காரர் தம் சர்வீசில் யாரையும் நிர்வகித்ததில்லை. அவரைக் கண்டு பயந்த ஒரே ஜீவன் மீட்டர் குழிக்குள் இருந்த தவளை. மகளைப் பார்த்தார். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெற்ற மனம் பித்து என்பார்கள். பெற்றவனுக்கும் அது உண்டு. அந்தப் பித்தில் வாய் திறந்துகொண்டது.

"நான் ஒரு நிறுவனத்த நாப்பது வருஷமா நடத்திட்டு வர்றேன். எனக்குக் கீழ ஒரே ஒரு ஊழியர்."

"அவருக்குச் சம்பளம்?"

"கெடையாது."

மாணவர்கள் பரபரவென்று எழுதிக்கொண்டார்கள்.

"விடுப்பு?"

"அவங்களும் கேட்டதில்ல, நானும் ஞாபகப்படுத்தல."

மகளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எந்த நிறுவனம், எந்த ஊழியர் என்று புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊழியர் எதிர்த்துப் பேசியதுண்டா?"

"பேசறதா? நான் லேசாக் கனைச்சா போதும், டீ வந்து நிக்கும்."

அந்த வீட்டில் கனைத்தால் வருவது, போய்த் தண்ணி குடிங்க என்ற அதட்டல்தான் என்பது மகளுக்குத் தெரியும். நல்லவேளை, அம்மா இதைக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கேள்வி வரக் கொஞ்சம் தாமதமானது. "சம்பளமும் விடுப்பும் இல்லாமல் அவர் ஏன் இன்னும் நீடிக்கிறார்?"

மீட்டர்காரர் நெளிந்தார். கோட்டின் தையல் ஒன்று பிரியும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"அது எனக்கும் தெரியல" என்றார். "அவங்க போயிட்டா மறுநாளே நிறுவனம் படுத்துரும். அத மட்டும் அவங்ககிட்ட சொன்னதில்ல."

கறுப்புக் கட்டம் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் மறைந்தது. கோட்டு நாற்காலியில் சரிந்தார். மகள் போய் மேசையிலிருந்த தன் குவளையையும் நாற்காலித் திண்டையும் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

அன்று மாலை மீட்டர்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், ஊழியர் விஷயத்தை மட்டும் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டு.

"நீங்க பேராசிரியரா? யாருகிட்ட அளக்கறீங்க?" என்று டீச்சரம்மா ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். மீட்டர்காரர் பக்கத்து வீட்டில் போய் ஆரம்பித்தாலும் பின்னாலேயே வந்து, எல்லாம் புளுகு என்று அடித்துச் சொன்னார்.

அடுத்த வாரம் மகள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். அங்கீகாரம் கிடைத்துவிட்டதாம். ஒரு நிறுவனத்தை எப்படி நடத்தக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாக எந்தக் கல்லூரியும் கற்றுக்கொடுத்ததில்லை என்று குழு பாராட்டியிருக்கிறதாம். அப்பாவை வாரா வாரம் வகுப்பெடுக்கக் கூட்டிவரும்படி கோட்டு காலில் விழாத குறையாம்.

மீட்டர்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். "இப்பவாவது நம்பறியா?"

டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"முடிவுதான் வந்துடுச்சே, இனிமே சொல்லலாம்" என்றார். "எல்லாம் நடந்தது நெசந்தான். கறுப்புக் கட்டத்துக்குப் பின்னாடி உக்காந்து அத்தன கேள்வியும் கேட்டது உங்க ஊழியர்தான்."