விமானத்தை வீழ்த்திய தட்டு

இந்த ரமலான் முடிவதற்குள் அந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்தியே தீருவது என்று ஃபிக்ரி முடிவு கட்டிவிட்டார்.

விமானம் என்னவோ முப்பத்தொரு வருஷத்துக்கு முன்பே விழுந்துவிட்டது. கால்வாய்க்கு அக்கரையில், பருத்தி வயலில். ஃபிரிட்ஜ் ஏற்றி வந்த சரக்கு விமானம். ஓட்டி வந்த இருவரும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கி, நோன்பு திறக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார்கள். எஞ்சினுக்குள் கொக்கு புகுந்துவிட்டது என்று கெய்ரோவிலிருந்து அறிக்கை வந்தது. ஊரே நம்பியது. ஃபிக்ரி மட்டும் நம்பவில்லை. தபால் ஆபீசில் ஆயுசு பூராவும் முத்திரை குத்தியவர் அவர். எது ஒரிஜினல், எது போலி என்று அவருக்கா தெரியாது? கொக்கு புகுந்ததாம், கொக்கு!

அவரிடம் ஒரு போட்டோ இருந்தது. விழுந்த அன்றே எடுத்தது. விமானத்தின் வால், வேடிக்கை பார்க்கும் கூட்டம், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கறுப்பாக ஒரு வட்டம். வட்டத்தின் விளிம்பில், எலி கடித்த ரொட்டி மாதிரி ஒரு நெளிவு. அது ஏவுகணையின் மூடி என்பது ஃபிக்ரியின் கட்சி. அந்த வட்டத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, மொட்டைமாடி அறையின் நாலு சுவரிலும் ஒட்டி வைத்திருந்தார். வாத்து வளர்க்க அந்த அறையைக் கொடுங்கள் என்று அவர் மனைவி தவ்ஹீதா எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தேசத்தின் ரகசியத்தை வாத்துக்கு விட்டுக்கொடுக்க முடியுமா?

செவ்வாய்க்கிழமை நோன்பு திறந்த கையோடு காப்பிக்கடையில் வாதம் சூடு பிடித்தது. எதிர்க்கட்சி, சவரக்கடை ஷஹாத்தா.

"விடுங்க ஹாஜி. அது பலகாரத் தட்டு. விமானம் விழுந்தது பெருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி. தெருப் பொம்பளைங்க எல்லாம் கஹ்க் பலகாரத்தைத் தட்டுல அடுக்கி, தலையில வெச்சு, பேக்கரி அடுப்புக்குக் கொண்டுபோற நேரம். எவளோ ஒருத்தி நின்னு வேடிக்கை பார்த்திருக்கா."

"தட்டுக்கும் ஏவுகணைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"ஏவுகணையை நீங்க எங்க பார்த்தீங்க?"

"தட்டைப் பார்த்திருக்கேன்ல? அது மாதிரி இல்ல இது!"

கடையே கொல்லென்று சிரித்தது. அங்கேதான் ஃபிக்ரிக்குப் புத்தி கெட்டது. அந்த ஊர் ஆண்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். தக்காளி விலைக்குக்கூட தலாக் மேல் சத்தியம் செய்வார்கள். ஃபிக்ரி மேசையைக் குத்தினார். "இது தட்டுன்னு எவனாவது நிரூபிச்சா, என் பெண்டாட்டி எனக்குத் தலாக்!"

ஷஹாத்தா போட்டோவை வாங்கி மடித்துப் பையில் வைத்தான். "சரி. வீடு வீடாப் போய்ப் பார்க்கிறேன். இந்த நெளிவு இருக்கிற தட்டு எந்த வீட்டிலயாவது இல்லாமலா போயிரும்?"

புதன்கிழமை மத்தியானம் ஃபிக்ரி வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையில் ஒரு கறுப்புத் தட்டு இருந்தது. பக்கத்தில் தவ்ஹீதா. மகன் ஹிலாலின் அப்பா என்று சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள்; ஊரும் அவளை உம்மு ஹிலால், அதாவது ஹிலாலின் அம்மா, என்றே சொல்லும்.

"வாங்க, அபூ ஹிலால். இப்பவும் நான் உங்க பொண்டாட்டிதானா? இல்ல, பெட்டியைக் கட்டட்டுமா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நீங்க காப்பிக் கோப்பையைக் கீழ வெக்கிறதுக்குள்ள ஷஹாத்தா வீட்டம்மா வந்து சொல்லிட்டா. அதை விடுங்க. இந்தத் தட்டு எங்க அம்மா எனக்குச் சீர் கொடுத்தது. அன்னைக்கு விமானம் பார்க்க நானும்தான் போனேன், இதைத் தலையில வெச்சுக்கிட்டு. விளிம்பைப் பாருங்க."

பார்த்தார். நெளிவு. எலி கடித்த ரொட்டி. பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார். அளவெடுத்தார். சுவரில் எட்டு வருஷம் பார்த்துப் பார்த்து மனப்பாடமான அதே நெளிவு. 

"இமாம்கிட்ட போய்..." என்று இழுத்தார்.

"எந்த மூஞ்சியோட? பந்தாட்டத்துக்கு ஒருதரம் சத்தியம் பண்ணீங்க, தர்பூசணிக்கு ஒருதரம். ரெண்டு தடவையும் அவர் சொன்ன பரிகாரத்துக்குப் பத்துப் பத்து ஏழைக்குச் சோறு ஆக்கிப் போட்டவ நான். மூணாவது தடவை வந்தா பள்ளிவாசல் படியே ஏறாதேன்னு சொல்லியிருக்கார்."

ஃபிக்ரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முப்பத்தாறு வருஷம். இவள் இல்லாத வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அது மட்டுமா? இவள் திட்டாத காலைப்பொழுதை எப்படித் தொடங்குவது? கண் நிறைந்துவிட்டது அவருக்கு. பொய்யில்லை, நிஜமாகவே.

"தவ்ஹீதா, அந்தப் பாவி வந்துகிட்டே இருக்கான். இதை எங்கயாவது ஒளிச்சு வை."

"ஒளிக்கலாம். வாத்து அடைகாக்கிற வைக்கோலுக்கு அடியில வெச்சா எவன் பார்ப்பான்? ஆனா நம்மகிட்ட வாத்தும் இல்ல, வாத்துக்கு அறையும் இல்லையே."

சாவி கைமாறியது.

"சத்தியம் பண்ணுங்க."

"என்ன சத்தியம்?"

"உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே சத்தியம்தான். மாடி அறையைத் திருப்பிக் கேட்டா என்ன ஆகும்?"

சொன்னார். ஒரு எழுத்து விடாமல் சொன்னார்.

வியாழக்கிழமை, ஊரெல்லாம் தேடிவிட்டு, கடைசி வீடாக ஷஹாத்தா போட்டோவோடு வந்தான். தவ்ஹீதா அசரவில்லை. "நல்லாத் தேடுங்க தம்பி. கட்டிலுக்கு அடியில பாருங்க. மாடிக்கும் போங்க, வாத்து கொத்தினா மட்டும் என்னைச் சொல்லக்கூடாது." ஷஹாத்தா மாடிக் கதவைத் திறந்தான். நேற்று மாலையே சந்தையிலிருந்து வந்து குடியேறியிருந்த ஆறு வாத்துகளும் ஒரே குரலில் அவனை வரவேற்றன. விரலைச் சப்பிக்கொண்டு இறங்கி வந்தான். "ஏவுகணைதான் ஹாஜி, ஒத்துக்கறேன்" என்றான்.

ஊரில் ஃபிக்ரி ஜெயித்துவிட்டார். சந்தோஷம்தான் வரவில்லை. தான் சொன்னது தப்பு என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் தெரியுமே!

மறுநாள், பெருநாளுக்கு முந்தின நாள், தவ்ஹீதாவுக்கு இடுப்பு வலி. கஹ்க் அடுக்கிய தட்டைத் துணியால் மூடி, ஃபிக்ரியின் தலையில் ஏற்றிவிட்டாள். "துணி விலகாம போங்க" என்று எச்சரிக்கை வேறு. வரலாற்றுச் சான்றைத் தலையில் சுமந்தபடி, சந்து சந்தாக ஒளிந்து, பேக்கரி போய்ச் சேர்ந்தார். பேக்கரிக்காரர் ஜாபிர் துணியை விலக்கியதும் உச்சுக் கொட்டினார்.

"அடடா, இதையா இப்படி நெளிச்சாங்க? போன வெள்ளிக்கிழமை நான் வித்தபோது தட்டு நல்லாத்தானே இருந்துச்சு."

"போன... வெள்ளிக்கிழமையா?"

"ஆமா. புதன்கிழமை காலையில உம்மு ஹிலால் வந்து என் சுத்தியலையும் வாங்கிட்டுப் போனாங்க. பெருநாள் கழிச்சாவது திருப்பித் தரச் சொல்லுங்க ஹாஜி."

ஃபிக்ரி ஓடினார். அறுபத்தெட்டு வயதில் அப்படி ஓடியவர் அந்தத் தெருவில் வேறு யாருமில்லை. மாடி ஏறி, மூச்சு வாங்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பு வலிக்காரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரிதாக்கிய ஏவுகணைப் படங்களை வாத்துக் கூண்டுக்குக் கூரையாக அடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அது உங்க அம்மா தட்டு இல்ல! அது ஏவுகணைதான்! நான் சொன்னதுதான் சரி!"

"நீங்க சொன்னது என்னைக்குத் தப்பாச்சு?" என்றாள் தவ்ஹீதா, திரும்பாமலே. "அதனால என்ன, அறையைத் திருப்பிக் கேக்கப் போறீங்களா?"

ஃபிக்ரி வாயைத் திறந்தார். சத்தியம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"கேக்கலையே? அப்ப இந்தாங்க சுத்தியல். இன்னும் ரெண்டு ஆணிதான் பாக்கி."